வீட்டுத் தொட்டியில் பேத்தை மீன் வளர்த்தல்

பசு, காளை, ஆடு, கோழி முதலியவற்றை வளர்ப்பதில் நம் குடியானவர்களுக்குப் பரம்பரையான அனுபவம் உண்டு. கண்ணாடித் தொட்டியில் அலங்கார மீன் வளர்ப்பதோ கிராமங்களில் அநேகருக்குப் புதிய காரியமாகும். குழந்தைகளின் விருப்பத்தை முன்னிட்டு மீன் கடைக்குச் செல்வோரின் கண்ணைக் கவரும் மீன்களுள், பட்டாணியைப்போல் உருண்டு, மஞ்சள் கலந்த பச்சை உடலில் கரும்புள்ளிகளுடன் திரியும் சிறு பேத்தை மீன் ஒன்று. இதனை வாங்கிச் சென்ற சில வாரங்களுக்குள்ளாகவே இழந்துவிடுவது சகஜமாயிருக்கிறது. மீன் பலவீனமானது என்பது இதற்குக் காரணமன்று. தண்ணீரும் ஆகாரமும் தயாராகுமுன் மீனை வாங்கிவிடுவதே காரணம். நாற்றங்காலைத் திருத்தாமல் விதையை முளைகட்டுவார் ஒருவருமிலர். அம்முறையை இங்கும் அனுசரித்தல் வேண்டும்.

இனமும் இருப்பிடமும்

பேத்தை என வழங்கும் மீன்களுட் பெரும்பாலானவை கடலிலும் கழிமுகங்களிலும் வாழ்வன. நல்ல தண்ணீரிலேயே ஆயுள் முழுவதையும் கழிப்பவை சிலவே. இங்குக் கூறப்படும் சிறு பேத்தை, கேரளத்தில் மேற்கு நோக்கிப் பாயும் ஆறுகளையும் அவற்றைச் சார்ந்த நீர்நிலைகளையும் இருப்பிடமாகக் கொண்டது. பம்பை ஆற்றில் கிடைத்த மீன்களைக்கொண்டு 1941-ம் ஆண்டில் ஹோரா, நாயர் என்னும் இரு அறிஞர்கள் இதனைத் தனி இனமென்று விவரித்து, அதன் சாஸ்திரப் பெயரில் திருவிதாங்கூரின் பெயரையே வைத்தனர்.

முழு வளர்ச்சியடைந்த மீனும் ஏறக்குறைய 3½ சென்டிமீட்டர் நீளத்துக்கு மேற்படுவதில்லை. மற்ற மீன்களுக்குள்ள செதில்கள் இதற்கு இல்லை. வயிற்றுத் துடுப்புகளும் இல்லை. இரு கண்களையும் தனித்தனியே திருப்பிப் பார்க்கவல்லது. மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக நான்கு பல்தகடுகள் உண்டு. அவை ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். நன்கு பேணினால் நான்கைந்து வருஷம் உயிர்வாழும்.

காடழிவு, அணைகள், வயல்களினின்று வடியும் மருந்துகள், அலங்கார மீன் வியாபாரம் ஆகியவற்றால் இவ்வினம் ஆறுகளில் குறைந்துவருகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது. கடைகளில் விற்கப்படுபவற்றில் பல, ஆற்றிலிருந்து பிடிக்கப்பட்டவை. ஆகையால் தொட்டியில் ஒரு மீன் மடிந்து, அதற்குப் பதிலாக வேறொன்று வாங்கும்போது, ஆற்றிலும் ஒன்று குறைகிறது என்பதை வாங்குவோர் மனத்திற்கொள்ள வேண்டும். வீட்டில் வளர்த்துப் பெருக்கப்பட்ட குஞ்சுகள் கிடைக்குமாயின் அவற்றையே வாங்குதல் நலம்.

வாங்கும்போது ஏமாறாதிருத்தல்

பச்சைப் புள்ளிப் பேத்தை என்னும் வேறொரு இனத்தின் குஞ்சுகளையும் நல்ல தண்ணீர்த் தொட்டிகளில் வைத்து விற்பதுண்டு. அது கழிமுகத்து மீன். ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வரை வளர்வது. வளர வளர உப்புநீரை வேண்டுவது. முதன்முறை வளர்ப்போர்க்கு அது ஏற்றதன்று. பெயரைத் திட்டமாகக் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும். வயிறு ஒட்டியும், நிறம் மங்கியும், ஒரு மூலையில் அசைவற்றும் கிடக்கும் மீன்களை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது.

தொட்டியும் தண்ணீரும்

ஒரு மீனுக்குக் குறைந்தபட்சம் 20 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஓர் ஆணையும் இரண்டு மூன்று பெண்களையும் சேர்த்து வைப்பதாயின், 60 சென்டிமீட்டர் நீளமும், 30 அகலமும், 30 உயரமுமுள்ள தொட்டி அவசியம். இது 54 லிட்டர் கொள்ளும். உருண்டைக் கண்ணாடிச் சாடிகள் உதவா.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. இது மீனுக்கு விஷம். கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாகவும், மற்றொருவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் விஷமே, நைட்ரேட்டின் தீமை குறைவு. புன்செய் நிலத்தில் இடும் அமோனியம் சல்பேட் நைட்ரேட்டாக மாறுவதும் இவ்வகை நுண்ணுயிர்களாலேயே என்பதை நினைத்துப் பார்த்தால் இவ்விஷயம் எளிதில் விளங்கும். புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் இல்லை. அவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் செல்லும்.

எனவே, மீன் இல்லாமலே தொட்டியில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குழாயுடன் கூடிய பஞ்சு வடிகட்டியை இரவும் பகலும் ஓடவிட்டு, தினந்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுவர வேண்டும். கடைகளில் விற்கும் பரிசோதனைச் சொட்டுமருந்தால் வாரமொருமுறை சோதித்து, முதலில் உயர்ந்த அமோனியாவும் நைட்ரைட்டும் பின்னர் முற்றும் மறைந்து, நைட்ரேட் மட்டும் காணப்படும்பொழுதே மீனை வாங்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் கலந்துள்ள குளோரினை, அதற்குரிய முறிவு மருந்தால் நீக்கிய பின்னரே உபயோகிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பின்றியிருத்தல் வேண்டும். உரமிட்ட வயலருகிலுள்ள கிணறாயின் நைட்ரேட் அதிகமா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, அதே உஷ்ணமுள்ள புது நீரை நிரப்பிவரவேண்டும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் நுண்ணுயிர்கள் மாளும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுக.

உஷ்ணம் 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேட் வரை இருப்பது உத்தமம். கோடையில் வெயில் படாத குளிர்ந்த இடத்தில் தொட்டியை வைக்க வேண்டும். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊர்களில், மின்கலத்தால் ஓடும் சிறு காற்றுப்பம்பு ஒன்றைக் கைவசம் வைத்திருத்தல் நலம்.

வேலம்பாசி முதலிய நீர்த்தாவரங்களையும், சிறு மரவேர்களையும் அடர்த்தியாக அமைக்க வேண்டும். இவை மீனுக்கு மறைவிடமாகும். மீன்கள் ஒன்றையொன்று துரத்துவதும் இதனால் குறையும்.

ஆகாரம்

இம்மீன் உயிருள்ள இரையைத் தேடித் தின்னும் சுபாவமுடையது. கடைத்தீனியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. கூத்தாடிப் புழு, டாப்னியா என்னும் நீர்ப்பூச்சி, பனியில் உறையவைத்த இரத்தப்புழு ஆகியவை ஏற்றவை. சாக்கடைகளில் எடுக்கப்படும் புழுக்களால் வியாதி வரக்கூடும். கூத்தாடிப் புழுவைப் பிடித்த அன்றே இட்டுவிட வேண்டும். அதற்காக வீட்டில் நீரைத் திறந்துவைத்துக் கொசுவை விருத்திசெய்வது ஊருக்கே கேடாகும்.

பல்தகடுகள் தேய்வதற்குச் சிறு நத்தைகள் மிகவும் உதவும். வயலிலும் வாய்க்காலிலும் பொறுக்கிய நத்தைகளில் பூச்சிமருந்தின் விஷமும் நோய்க்கிருமிகளும் இருக்கக்கூடுமாதலால், அவற்றை நேரே தொட்டியிலிடலாகாது. மெல்லிய ஓடுள்ள சிறு நத்தைகளைத் தனித் தொட்டியொன்றில், மருந்து தெளிக்காத கீரையும் வெள்ளரித் துண்டும் இட்டுப் பெருக்கி, அவற்றின் குஞ்சுகளையே கொடுக்க வேண்டும். மீனை வாங்குமுன்பே இந்நத்தைத் தொட்டியைத் தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

வளர்ந்த மீனுக்கு நாள்தோறும் ஒருவேளையும், குஞ்சுகளுக்கு இருவேளையும், வயிறு சற்றே உருளும் அளவு இரை போதும். மிஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும்.

தாமிரத்தால் வரும் கேடு

மயில்துத்தம் நத்தையையும் பாசியையும் கொல்லும் என்பது நம்மவர் அறிந்ததே. அதனைத் தொட்டியில் சிறிதும் இடலாகாது. செதிலற்ற இம்மீனைத் தாமிரம் மிகச் சிறிய பிரமாணத்திலும் பாதிக்கும். மீன் வியாதிகளுக்கென்று விற்கும் மருந்துகள் பலவற்றிலும் தாமிரம் சேர்ந்திருப்பதால், சீட்டைப் படித்த பின்னரே வாங்க வேண்டும். செம்பு அண்டாவிலோ தவலையிலோ வைத்த நீரையும் தொட்டிக்கு ஊற்றலாகாது. மருந்து தெளித்த கையை நன்றாகக் கழுவாமல் தொட்டியில் நனைப்பதும் தவறு.

ஆற்றில் பிடிபட்ட மீன்களின் குடலில் பூச்சிகள் இருப்பதுண்டு. நன்றாய்த் தின்றும் வயிறு ஒட்டிக்கொண்டே வருவது இதன் அடையாளம். புதிதாக வாங்கிய மீனை 3 அல்லது 4 வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்து, தேவையாயின் மீன் வைத்தியம் அறிந்தவரின் யோசனைப்படி மருந்திட வேண்டும். அத்தனித்தொட்டியின் நீரும் முற்கூறியபடி பக்குவப்பட்டிருத்தல் அவசியம்.

சேர்த்து வைத்தலும் இனவிருத்தியும்

இம்மீன் உருவத்தில் சிறிதாயினும் சண்டைக் குணமுடையது. மற்ற அலங்கார மீன்களின் துடுப்புகளைக் கடித்துவிடும். ஆகையால் தன் இனத்தோடு மட்டுமே வைக்க வேண்டும். வளர்ந்த ஆணின் அடிவயிற்றில் நடுவே ஒரு கருங்கோடும், கண்ணுக்குப் பின்னே சுருக்கம்போன்ற வரிகளும் காணப்படும். பெண் மீன் உருண்டையானது. சிறிய தொட்டியில் இரண்டு ஆண்களை வைப்பது கூடாது.

நீர் நன்றாயும் இரை நிறைவாயும் இருந்தால் அடர்ந்த பாசியில் முட்டையிடும். முட்டைகளைப் பெரிய மீன்கள் தின்றுவிடுமாதலால் பாசியோடு வேறிடத்தில் வைத்துப் பாதுகாக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். அக்குஞ்சுகளை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தால், அந்த அளவுக்கு ஆற்று மீன் தப்பும்.

எச்சரிக்கைகள்

1. மீனை வேடிக்கைக்காகப் பயமுறுத்தி உப்பச்செய்யலாகாது. உப்புதல் அதன் கடைசித் தற்காப்பு. நீருக்கு வெளியே எடுத்தால் காற்றை விழுங்கிவிடும். அதை வெளிவிட முடியாமல் இறக்கவுங்கூடும். இடம் மாற்றும்போது வலையால் தூக்காமல், நீரோடு குவளையில் முகந்து மாற்றுக.

2. பேத்தைக் குடும்பத்து மீன்கள் பலவற்றின் ஈரலிலும் சினையிலும் கொடிய விஷம் உண்டு. சமைப்பதால் அது நீங்குவதில்லை. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. இறந்த மீனைக் கோழிக்கும் பூனைக்கும் எட்டாதபடி புதைத்துவிட வேண்டும்.

3. வளர்க்க இயலாதபோது மீனை ஏரி, குளம், கிணறுகளில் விடலாகாது. தொட்டி மீனோடு அதன் வியாதியும் ஊர் நீர்நிலையிற் கலந்துவிடும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாக. வேண்டாத மீனை வளர்க்கத் தெரிந்த வேறொருவரிடம் ஒப்படைப்பதே முறை.

சுருங்கச் சொன்னால், முதலில் தண்ணீர், அடுத்து நத்தை, கடைசியில் மீன் என்ற வரிசையை மாற்றலாகாது. இதற்காகக் காத்திருக்கும் ஆறு வாரத்தைப் பொறுக்கமாட்டாதவர்கள் இம்மீனை வாங்காதிருத்தலே மேல்.