பழைய மென்பொருளும் புதிய கணினியும்

ஏட்டைக் காத்தல் மட்டும் போதாது. அதனைப் படிக்கும் வழியையும் காத்தல் வேண்டும். கணினியிற் கோத்த மலர்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளை ஆல்டஸ் நிறுவனம் 1985 இல் வெளியிட்டது. 1994 இல் அந்நிறுவனம் அடோபியுடன் இணைந்தது. 2001 இல் வந்த 7.0 என்பதே பேஜ்மேக்கரின் இறுதிப் பெரும்பதிப்பாகும். தமிழ் மலர்கள் பல, பாமினி முதலிய எழுத்துருக்களைக்கொண்டு இதிலேயே கோக்கப்பட்டன.

இத்தகைய பழைய மென்பொருள்களைப் புதிய கணினியில் நிறுவுங்கால் இடர் எழுவது ஏன்? 1990களில் வந்த மென்பொருள்கள் சில 32 பிட் ஆயினும், அவற்றை நிறுவும் செய்நிரல் 16 பிட்டாக அமைந்திருந்தது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் செய்நிரலை இயக்காது. 2021 இல் வெளிவந்த விண்டோஸ் 11 கணினிகளில் 64 பிட்டாக மட்டுமே உளது. ஆகவே, நிறுவல் தடைப்பட்டவுடன் இறுவட்டுப் பழுதுற்றதென நாம் முடிவுசெய்தல் தவறு.

இதற்கு வழி உண்டு. புதிய கணினியினுள் மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைத்து, அதில் உரிமம் பெற்ற 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியை முதலில் நிறுவுதல் வேண்டும். அதன்பின் பழைய மென்பொருளை நிறுவலாம். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இப்போது வருவதில்லையாதலின், அதனை இணையத்தோடு இணையாது வைத்தல் நன்று.

எழுத்துருவையும் மறத்தலாகாது. பாமினியில் தமிழ் வரிவடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அமைந்துள்ளன. அவ்வெழுத்துரு இல்லையேல், தமிழ்க் கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும்.

கோப்புத் திறந்தமையோடு பணி முடிவதன்று. பக்கங்களைப் பீடிஎவ் வடிவிலும், கட்டுரைகளை யுனிகோட்டிலும் படியெடுத்து வைத்தல் வேண்டும். அன்றேல் இதே இடரை அடுத்த தலைமுறையும் எதிர்கொள்ளும்.

பழைய மாணவர்காள்! நும் அலுமாரிகளிற் கிடக்கும் மலர்க்கோப்பு இறுவட்டுகளை எறிந்துவிடாதீர். எங்கள் ஆசிரியர் பலரின் எழுத்து அவற்றில் மட்டுமே எஞ்சியிருத்தலுங் கூடும்.