வேகத்துக்காக பேரியரை நிறுத்தலாமா?

கேள்வி: வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம் அரிசி ஆலை நடத்துகிறோம். பெரும்போக அறுவடை நேரம் ஒரு லோட் நெல்லுக்குப் பில் போட்டால் கணினி பத்துச் செக்கன் இழுபடுகிறது. உபுண்டு, மைஎஸ்க்யூஎல் 8, 7200 சுற்று ஹார்ட் டிஸ்க், 8 ஜிபி ரேம். எக்ஸ்ட்4-இல் நோஏடைம் போட்டு, பேரியரையும் நிறுத்தினால் பறக்கும் என்கிறார் கணினி பார்க்கும் தம்பி. செய்யலாமா?
— படுவான்கரை வாசகர்

பதில்: நோஏடைம் போடலாம், கெடுதி இல்லை. பலனும் பெரிதாக இராது. கோப்பை வாசிக்கும்போதெல்லாம் நேரம் குறித்துவைக்கும் வேலையை லினக்ஸ் 2009-லேயே வெகுவாகக் குறைத்துவிட்டது.

பேரியரில் மட்டும் தயவுசெய்து கைவைக்க வேண்டாம். டிஸ்க்குக்குள் சிறிய கேஷ் ஒன்று உண்டு. அதில் நிற்பதைத் தட்டில் இறக்கவைப்பதுதான் பேரியரின் வேலை. அதை நிறுத்தினால், எழுதாததையும் எழுதியாயிற்று என்று நம்பி மைஎஸ்க்யூஎல் அடுத்த வேலைக்குப் போய்விடும். அந்த நேரம் கரண்ட் போனால் கடைசிப் பில் மட்டுமல்ல, தரவுத்தளமே திறக்காமல் போகலாம். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்க மின்சாரம் நின்றதே, அதுவும் பெரும்போக நெல் வரும் மாதம்தான். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையை எழுதுபவர்கள் 2018-இல், லினக்ஸ் 4.19-உடன், பேரியரை நிறுத்தும் வசதியையே எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் அந்தப் பத்துச் செக்கன் எங்கே போகிறது? 7200 சுற்று என்றால் செக்கனுக்கு 120 சுற்று. ஒவ்வொரு கமிட்டுக்கும் ரெடோ லாக், பைனரி லாக், எக்ஸ்ட்4-இன் ஜேர்னல் எல்லாம் தட்டில் இறங்க வேண்டும். ஆளுக்கு ஒரு சுற்று என்றே வையுங்கள். லோட்டில் 60 மூட்டை, மூட்டைக்கு ஒரு பதிவு, இருப்பில் ஒரு திருத்தம், ஒவ்வொன்றும் தனித்தனிக் கமிட் என்றால் 360 சுற்று: மூன்று செக்கன். டிஸ்க்கின் தலை அங்குமிங்கும் ஓடும் நேரம் இதற்கு மேலே. ஆகவே மென்பொருள் எழுதியவரிடம் ஒரு லோட்டை ஒரே ட்ரான்சாக்ஷனாக்கச் சொல்லுங்கள். 120 கமிட் ஒன்றாகிவிடும். எந்த மவுண்ட் அமைப்பும் இவ்வளவு தராது.

அடுத்தது ரேம். மைஎஸ்க்யூஎல் தரவை ரேமில் வைத்திருக்கும் இடமான இன்னோடிபி பஃபர் பூல், யாரும் தொடாவிட்டால், வெறும் 128 எம்பி. அந்தக் கணினியில் வேறு பெரிய வேலை இல்லையென்றால் 4 ஜிபி ஆக்குங்கள். ஃப்ளஷ் மெதட்டை ஓ-டைரக்ட் என்று வைத்தால் ஒரே தரவு ரேமில் இரண்டு இடத்தில் கிடக்காது.

ஒவ்வொரு கமிட்டுக்கும் காத்திராமல் லாக்கைச் செக்கனுக்கு ஒருமுறை இறக்கும் அமைப்பும் உண்டு. கரண்ட் போனாலும் தரவுத்தளம் கெடாது, கடைசி ஒரு செக்கன் பதிவுகள்தான் போகும். ஆனால் அந்த ஒரு செக்கனில் ஒரு விவசாயியின் நிறை இருக்கலாம். நெல் கணக்குக்கு நான் அதை வைக்க மாட்டேன்.

பணம் செலவழிப்பதானால், மின்சாரம் போனாலும் கேஷைக் காக்கும் கப்பாசிற்றர் வைத்த எஸ்எஸ்டி வாங்குங்கள். அதில் பேரியர் இருந்தும் வேகம் குறையாது. கூடவே பற்றரி தீருமுன் கணினியைத் தானாக ஒழுங்காக நிறுத்தும் யூபிஎஸ். இவற்றில் எதைத் தொடும் முன்பும் முழு டம்ப் ஒன்று எடுத்து வேறு டிஸ்க்கில் வைத்துவிடுங்கள்.