பறவைகளின் இறகுதிர்வு

பறவைக்கு இறகே ஆடை, இறகே கருவி. குளிரும் மழையும் தாக்காவண்ணம் உடலைக் காப்பதும், வானிற் பறக்கத் துணைபுரிவதும் அதுவே. அத்தகைய இறகைப் பறவை காலந்தோறும் உதிர்ப்பது ஏன்? அது நோயா, இயற்கையா? கோழியும் கிளியும் வளர்க்கும் இல்லத்தார் இதனைத் தெளிந்தறிதல் வேண்டும். அறியாமையால் விளையும் இழப்புச் சிறிதன்று.

நம் மொழியில் இறகு, தூவி, பீலி எனப் பல சொற்கள் உள. மயிலிறகைப் பீலி என்றும், மெல்லிறகைத் தூவி என்றும் வழங்குவர். பெயர் யாதாயினும், நமது நகமும் மயிரும் போல இறகும் கெராட்டின் என்னும் புரத வகையால் ஆயது. அதன் எடையில் 100க்கு ஏறத்தாழ 90 பங்கு புரதமே. முற்றிய இறகு உயிரற்றது. வெயிலாலும் உராய்வாலும் தேய்ந்துழித் தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ள அதனால் இயலாது. ஆகவே பழையன கழிதலும் புதியன தோன்றுதலும் இன்றியமையாதனவாயின.

தோலிலுள்ள சிறு குழியில் முளைக்கும் புதிய இறகு, பழையதனை வெளியே தள்ளிவிடுகின்றது. அம்முளை உறையால் மூடப்பட்டு முள்போல் நிற்கும். அதனுள் குருதி ஓடும். எனவே வளரும் இறகு ஒடியின் குருதி பெருகும். பெரும்பாலான பறவைகள் இரு சிறகிலும் இணையிணையாகச் சில இறகுகளையே உதிர்ப்பதால், பறக்கும் ஆற்றலை இழப்பதில்லை. காட்டு வாத்துக்களோ பேரிறகுகளை ஒருங்கே உதிர்த்துச் சில வாரங்கள் பறக்கவியலாதிருக்கும்.

திருவேங்கடத்தைச் சூழ்ந்த கரிசற் புலங்களில் உலவும் மயில்களே இதற்குக் கண்கண்ட சான்றாம். இனப்பெருக்கக் காலம் கழிந்தபின் ஆண்மயில் தன் தோகையை உதிர்த்து, அடுத்த பருவத்திற்குள் மீண்டும் வளர்த்துக்கொள்ளும். பேகன் மயிலுக்கு ஒருமுறை போர்வை ஈந்தான். இயற்கையோ ஆண்டுதோறும் ஈகின்றது.

இனி, வீட்டுக்கோழியை நோக்குவோம். அதன் இறகு தலை, கழுத்து, மார்பு, உடல், சிறகு, வால் என்னும் முறையில் உதிரும். உண்ட புரதம் புதிய இறகிற்கே செலவாதலால், அக்காலத்தில் முட்டையிடுதல் பெரும்பாலும் நின்றுவிடும். இதனை நோயென்று எண்ணிக் கோழியைக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவார் பலர். உண்மையோ இதற்கு மாறானது. ஒத்த வயதுடைய கோழிகளுள் மிகுதியாக முட்டையிடுவது காலந்தாழ்த்தே இறகுதிர்த்து, விரைவில் புதுப்பித்துக்கொள்ளும். குறைவாக இடுவது முன்னரே உதிர்க்கத் தொடங்கி நெடுநாள் நீட்டிக்கும். ஆகவே மற்றவை புத்தாடை புனைந்து நிற்கும்போது கந்தலுடன் திரியும் கோழியே வீட்டிற்குப் பெருஞ்செல்வமாதலும் கூடும். அதனை விற்பவர் முதலையே விற்றவராவார்.

இக்காலத்தில் வேண்டுவது மருந்தன்று, உணவே. கம்பிலும் சோளத்திலும் 100க்கு ஏறத்தாழ 10 பங்கே புரதம் உண்டு. ஆதலின் தானியத்துடன் கரையான், கருவாட்டுத்தூள், கடலைப் பிண்ணாக்கு ஆகியவற்றையும் அளித்தல் நன்று. முள்ளிறகுகள் நோகுமாதலால் பறவையை அடிக்கடி கையிற் பற்றலாகாது.

எனினும், எல்லா இறகிழப்பும் இயற்கையன்று. உதிர்ந்த இடத்தில் புதுமுளை காணப்படாமை, தோல் சிவந்து புண்ணாதல், பேன் மொய்த்தல், இரை எடாது சோர்ந்திருத்தல் ஆகியவை நோய்க்குறிகள். கூண்டுப்பறவையின் தலையிறகு செவ்வையாக இருக்க, மார்பு மட்டும் வெறுமையாயின், அது தன் அலகாலேயே பறித்துக்கொண்டதாகலாம். அலகு தலையை எட்டாதன்றோ? இவற்றுள் ஒன்று தோன்றினும் கால்நடை மருத்துவரை நாடுக.

ஆஸ்திரேலியச் சிறு கிளியாகிய பட்ஜெரிகர், பிறந்த மூன்று நான்கு திங்களில் முதன்முறை இறகுதிர்க்கும். அப்பொழுது குஞ்சுப் பருவத்து நெற்றிவரிகள் மறையும். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்த்தலோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானது. கிளியின் சிறகைக் கத்தரிப்போர் ஒன்று கருதுக: வெட்டுண்ட இறகு வளராது, அதன் அடி உதிர்ந்து புதியது முளைக்குங்காறும் அவ்வுயிர் பறத்தற்கு ஏங்கியிருக்கும்.

ஆகலின் இறகுதிர்வு அழிவின் தொடக்கமன்று, புதுமையின் தொடக்கமே. அழகு குன்றிய அச்சில வாரங்களிலேயே பறவைக்கு நமது பொறுமையும் பேணுதலும் மிகுதியும் வேண்டப்படுவன.