மூட்டின் நெகிழ்ச்சியும் சட்டகத்தின் அசைவும்

சொல்லொடு சொல் புணருமிடத்தே விகாரம் தோன்றுதல் இலக்கணம் பயில்வோர் நன்கறிந்தது. அங்ஙனமே, தூணையும் உத்தரத்தையும் தனித்தனியே அளந்தறிந்தோன், அவை கூடுமிடமாகிய மூட்டை ஆராயாதொழிவானாயின், நிலம் நடுங்குங்கால் கட்டிடம் எவ்வாறு அசையுமென்று கூறவல்லனாகான்.

கட்டிடச் சட்டகங்களைக் கணக்கிடுவோர் மூட்டை இருவகையாகக் கொள்வது வழக்கம். தூணும் உத்தரமும் கூடுங் கோணம் சிறிதும் மாறாதது இறுகிய மூட்டு. கதவின் கீலைப்போலத் தடையின்றித் திரும்புவது கீல்மூட்டு. மெய்யான மூட்டுக்களோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டன. திருகாணியிட்டு முடுக்கிய எஃகு மூட்டும் விசைக்கேற்பச் சிறிது திரும்பும்.

இந்நெகிழ்ச்சியால் விளைவன மூன்று. முதலாவது, அலைவுக்காலம் நீளுதல்: பொருண்மை மாறாதிருக்க, சட்டகத்தின் விறைப்பு நான்கிலொரு பங்காகக் குறையின், ஓர் அலைவிற்குரிய காலம் இருமடங்காகும். இரண்டாவது, தணிவு: மூட்டு முன்னும் பின்னும் உராய்ந்தும் வளைந்தும் அதிர்ச்சியின் ஆற்றலை வெப்பமாக்கும். மூன்றாவது, பக்கப்பெயர்ச்சி மிகுதல்: சாய்ந்த தூணை மேற்பாரம் மேலும் சாய்க்கும்.

ஆயின் நெகிழ்ச்சி நன்றோ தீதோ? நிலத்தை நோக்கியே விடையிறுத்தல் வேண்டும். வன்னிலத்தில் அலைவுக்காலம் நீளுதல் பெரும்பாலும் கட்டிடம் ஏற்கும் விசையைக் குறைக்கும். மென்னிலத்தில் அஃது அவ்வாறன்று. 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் மெக்சிகோ நகரில், பழைய ஏரிப்படுகையின் மண் ஏறக்குறைய இரண்டு வினாடிக்கொருமுறை அலைந்தது. அவ்வலைவிற்கு அணித்தான காலமுடைய நடுத்தர உயரக் கட்டிடங்களே பெரிதும் சிதைந்தன.

இறுக்கமே காப்பு என்று கருதுதலும் பிழையாம். 1994-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் காலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் நிகழ்ந்த நில நடுக்கத்தால், நூற்றுக்கு மேற்பட்ட எஃகுக் கட்டிடங்களில் பற்றவைத்து இறுக்கிய மூட்டுக்கள் விரிசல் கண்டன. அவை இடிந்து வீழ்ந்தில. விரிசல்களோ மேற்பூச்சினுள் மறைந்து கிடந்தன. முறியாது வளையுமென்று நம்பியிருந்த மூட்டே முறிந்தமை பொறியியலாரைத் திடுக்கிடச் செய்தது. சரியாக ஓராண்டு கழித்துக் கோபே நகரிலும் எஃகு மூட்டுக்கள் பல முறிந்தன.

இவற்றால் அறியத்தக்கது யாது? நெகிழ்தல் வேறு; முறியாது வளைதல் வேறு. முன்னது அசைவின் காலத்தை மாற்றும். பின்னது உயிரைக் காக்கும். ஆதலின், மூட்டுக்குச் சற்று அப்பால் உத்தரத்தின் விளிம்பை வேண்டுமென்றே ஒடுக்கி, வளைவு அவ்விடத்தே நிகழுமாறு செய்யும் முறை பின்னர்ப் பரவிற்று. ஓரிடத்தை அறிந்து மெலிவித்தலால் முழுவதையும் காத்தல் வியப்பன்றோ!

நண்பர்காள், உயர்ந்த மாடங்களைக் காணுங்கால் தூணின் பருமனை மட்டும் வியவாது, கண்ணுக்குப் புலனாகா மூட்டினையும் எண்ணுவோமாக. உள்ளே உறங்குவோர் வெளியேறும் வரை அக்கட்டிடம் நிற்குமா என்பது அங்கேதான் பெரிதும் முடிவாகின்றது.