இருமலை விசாரித்த ஆராய்ச்சி

தங்கவயலில் பாறைத்தூள் சுவாசித்தோரின் நுரையீரல் தழும்பேறும். அதில் காசநோய் எளிதிற் பற்றும். 2001இல் சுரங்கம் மூடிய பின்னும் எங்கள் லைன் வீடுகளில் இருமும் பெரியவர்கள் உண்டு. "அறியாத மக்கள், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள்" என்பது நான் அடிக்கடி கேட்ட பேச்சு.

நண்பர்களே, மருத்துவம் கற்றுப் பின் மானிடவியலும் பயின்ற தேபாபர் பானர்ஜி, இப்பேச்சைச் சோதித்தே பார்த்தார். 1959இல் பெங்களூரில் தோன்றிய தேசிய காசநோய் நிலையத்தில் சமூகவியல் ஆராய்ச்சியை ஏற்ற அவர், ஸ்டிக் ஆண்டர்சனோடு சேர்ந்து தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நோயாளிகளை விசாரித்தார். பாதிக்கு மேற்பட்டோர் முன்பே வைத்தியம் நாடிச் சென்றவர்கள்! பலருக்குக் கிடைத்ததோ இருமல் மருந்துதான். முடிவு 1963இல் அச்சாயிற்று. வேதியியல் மாணவனான எனக்கு இதுவும் சுத்தமான சோதனையாகவே படுகிறது. 1962இல் வகுத்த தேசியத் திட்டம், சாதாரண ஆஸ்பத்திரிக்கே இருமலோடு வருவோரின் சளியை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னது.