அம்மாவின்ரை முழங்காலை மாத்துறதோ, பொறுத்துப் பார்க்கிறதோ?

தங்கச்சிமாரே, அம்மாவின்ரை எக்ஸ்ரே படத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு யோசிக்கிற பிள்ளையளுக்குத்தான் இதை எழுதிறன். படத்திலை எலும்போடை எலும்பு முட்டினாலும் நல்லா நடந்து திரியிற ஆக்கள் இருக்கினம். அதாலை முதல் அம்மாவைப் பாருங்கோ. நோவாலை இரவிலை எழும்புறாவோ? சந்தைக்குப் போய்வர ஏலுதோ? கக்கூசிலை குந்தப் பயந்து தண்ணி குடிக்காமல் இருக்கிறாவோ? ஒரு கொப்பியிலை எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கோ. சனம் நிறைஞ்ச நேரத்திலை கதைக்க மறந்துபோகும்.

மூட்டு மாத்துற ஒப்பரேசனுக்கு முதல் 12 கிழமை தேகப்பயிற்சியை மனம்வைச்சுச் செய்யவேணும் எண்டது என்ரை முடிவு. 2015இல் வெளிவந்த டென்மார்க் ஆய்விலை, மூட்டு மாத்தலாம் எண்டு டொக்டர்மார் சொன்ன 100 பேரை எடுத்தவை. பாதிப்பேருக்கு மூட்டு மாத்திப் பிறகு பயிற்சி. மற்றப் பாதிக்குப் பயிற்சியும் சாப்பாட்டு ஆலோசனையும் மருந்தும் மட்டும். ஒரு வருசத்தாலை 100 புள்ளிக் கணக்கிலை மாத்தினவைக்கு 32.5, மற்றவைக்கு 16 புள்ளி கூடினது. ஒப்பரேசனாலைதான் கூடச் சுகம். ஆனால் பாரதூரமான சிக்கல் மாத்தினவை பக்கம் 24, மற்றவை பக்கம் 6. பயிற்சி செய்தவையிலை கால்வாசிப் பேர்தான் அந்த வருசத்துக்குள்ளை ஒப்பரேசனுக்குப் போனவை.

பயிற்சி பெரிய வித்தையில்லை. கட்டிலிலை மல்லாந்து படுத்து, சுகமான காலை மடிச்சு, நோகிற காலை நீட்டினபடி ஒரு சாண் உயர்த்தி ஐஞ்சு எண்ணுமட்டும் பிடிக்கட்டும். கதிரையிலை இருந்து கையூன்றாமல் எழும்பி இருக்கட்டும். தொடைத் தசை பலமானால் மூட்டு நோவு குறையும். உடம்பிலை 1 கிலோ குறைஞ்சால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலிலை 4 கிலோ பாரம் குறையும். நிலத்திலை குந்தாமல், கச்சான் ஆயிறது, உழுந்து புடைக்கிறது எல்லாம் கதிரையிலை இருந்தே நடக்கட்டும். திருவலையையும் மேசையிலை பூட்டுங்கோ.

நான் ஆகலும் பயப்பிடுறது நோக்குளிசைக்குத்தான். வவுனியாவிலை, சலரோகமோ பிரசரோ இல்லாத கமக்காரருக்கும் சிறுநீரகம் பழுதாகிற வருத்தம் கனகாலமாய் இருக்கு. அப்பிடியான ஊரிலை பாமசியிலை துண்டில்லாமல் டைக்குளோபினாக்கும் ஐபுபுரூபனும் வாங்கி நாளாந்தம் போடுறது சரியில்லை. இந்தக் குளிசையள் சிறுநீரகத்துக்கு ஓடுற ரத்தத்தைக் குறைக்கும். வெயிலிலை வேர்த்து, தண்ணியும் குடிக்காமல் போட்டால் இன்னும் மோசம். கிளினிக்கிலை சிறுநீரகத்தைப் பார்க்கிற கிரியாற்றினின் ரத்தப் பரிசோதனை கேட்டுச் செய்யுங்கோ. நோவுக்குப் பூசுற ஜெல் குளிசையை விடப் பாதுகாப்பு. அதோடை, பேர் எழுதாத "வாதக் குளிசை" ஒண்டையும் வாங்காதேங்கோ, அதுக்குள்ளை ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம்.

பயிற்சி செய்தும் நித்திரையில்லை, கால் வளைஞ்சுகொண்டு போகுது எண்டால் ஒப்பரேசனைத் தள்ளிப்போடாதேங்கோ. வயசு போட்டுது எண்டு அம்மா சொல்லுவா; விடாதேங்கோ. மாத்தின மூட்டுகளிலை 82 சதவீதம் 25 வருசம் தாங்குது எண்டு 2019இல் வந்த கணக்குச் சொல்லுது. நடையும் நித்திரையும் திரும்பக் கிடைக்கும். எண்டாலும் குந்தி இருக்கிறதும் சப்பாணி கட்டுறதும் கஷ்டம், கோயிலிலை முழங்காலிலை நிக்கிறது கனபேருக்கு ஏலாது. பத்துப் பேரிலை ஒண்டிரண்டு பேருக்கு நோவும் முழுசாய்ப் போறதில்லை. இதை அம்மாவுக்கு முன்னமே சொல்லுங்கோ. ஆள் ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கையே வீட்டிலை கொமட் போட்டுவிடுங்கோ.

யுத்தத்துக்குள்ளாலை வந்த எங்கடை ஆக்களுக்கு ஒரு விசயம் கட்டாயம். காலிலையோ உடம்பிலையோ செல்பீஸ் இருந்தால், பழைய காயம் சீழ்வைச்சிருந்தால், 2009இலை நடந்தது தானே எண்டு விடாமல் டொக்டருக்குச் சொல்லுங்கோ. பழைய கிருமி புது மூட்டிலை ஏறினால் திரும்பவும் ஒப்பரேசன்தான். எம்ஆர்ஐ எடுக்க முதலும் சொல்லவேணும். முதல் சலரோகத்தைக் கட்டுப்படுத்தி, காற்புண்ணையும் மாத்திப்போட்டுப் போகவேணும். காசுக்கு ஜனாதிபதி நிதியத்தின்ரை வைத்திய உதவி கிடைக்குமோ எண்டு பிரதேச செயலகத்திலை கேளுங்கோ.

வீட்டுக்கு வந்தாப்பிறகு, சுகமாய் இருக்கெண்டு முழங்காலுக்குக் கீழை தலையணி வையாதேங்கோ, கால் நிமிராமல் போயிடும். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, மூச்செடுக்கக் கஷ்டமெண்டாலோ, விடியட்டும் எண்டு பார்க்காமல் 1990க்கு அடிச்சு அம்புலன்சைக் கூப்பிடுங்கோ.