கூலிக்கு அளவு எது?



மணவூரில் காலை ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் கேட்பதுண்டு: "கம்பெனித் தலைவருக்கு இத்தனை கோடி தகுமா?"

ஒரு திருஷ்டாந்தம். எச்.சி.எல். டெக் கம்பெனியின் தலைமை நிர்வாகி திரு. விஜயகுமார் 2023-24-ல் பெற்றது சுமார் 84 கோடி ரூபாய். ஊழியரையெல்லாம் சம்பள வரிசைப்படி நிறுத்தினால், நடுவில் நிற்பவர் பெறுவதைப்போல் இது சுமார் 707 மடங்கு. பங்குச் சந்தையிலுள்ள கம்பெனிகள் இக்கணக்கை வருஷந்தோறும் வெளியிட வேண்டுமென்பது 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம்.

அங்கே இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்கின்றனர். தலைவர் தீர்மானம் பிசகினால் அத்தனை பேர் பிழைப்பும் தடுமாறும். பெரிய பொறுப்புக்குப் பெரிய ஊதியம் தன்னிலே குற்றமல்ல. ஆனால் அளவு எது?

பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல், மட்டாய் வாழும் தொழிலாளிக்குக் கூலி போதவேண்டும் என்றார். 23-ம் அருளப்பர் 1961-ல், கூலியைச் சந்தை மட்டும் தீர்மானிக்கலாகாது. உழைப்பின் பலன், கம்பெனியின் நிலை, பொதுநன்மை யாவும் பார்க்கவேண்டும் என்றார். ஆகவே மேலே எவ்வளவு என்பதற்கு முன், கீழே போதுமா என்று கேட்பதே முறை.

நாமும் எஜமான்களே. நாற்று நடுகிறவளுக்கும் வீட்டு வேலை செய்கிறவளுக்கும் நாம் கொடுக்கும் கூலியில் ஒரு குடும்பம் பிழைக்குமா? இன்றிரவே கணக்குப் பார்ப்போமாக.